வால்வு செட்: போடி மலையடிவாரம் பாட்டுக் கேட்ட கதை

'ஹை-ஃபை' என்றவுடன் பெரும்பாலோர் மனதில் ஒரு படம் விரியும். வசதியான வீடு, வரவேற்பறை, மர அலமாரியில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இருபுறமும் ஸ்பீக்கர் பெட்டிகள், எதிரே சாய்வு நாற்காலியில் கண்மூடிப் பாட்டுக் கேட்கும் ஒருவர். உலகெங்கும் பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்யும் ஆர்வலர்கள் மீட்க நினைப்பது இந்தப் படத்தைத்தான்.

போடிநாயக்கனூர் போன்ற ஒரு ஊருக்கு இந்தப் படம் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ஊரிலேயே பெரிய ஆம்ப்ளிஃபயர் மைக் செட் கடையில்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அது வாடகைக்குப் போகும். அதன் ஸ்பீக்கர், வேப்பமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய குழாய். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள் இல்லை, ஒரு ஊர்!

இன்று அந்தக் காலத்து வால்வு செட்டுகளைச் சிலர் தூசி தட்டி எடுத்து மறுபடி பாட வைக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது மீட்கப்படுவது ஒரு இயந்திரம் மட்டும்தானா? இதைப் புரிந்துகொள்ள வால்வின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

வால்வு வந்த வழி

ஒலியைப் பெரிதாக்குவது என்றால் என்ன? ஒரு சிறிய மின் அலையைக் கொண்டு ஒரு பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது. மடையில் நிற்பவர் சிறிய பலகையை ஏற்றி இறக்கிப் பெரிய வாய்க்கால் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதைப் போல. இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் 1904-ல் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் செல்ல வைத்தார். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைதான் மடைப்பலகை. சூடான கேத்தோடில் இருந்து ஆனோடுக்குப் பாயும் எலெக்ட்ரான்களை, வலையில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் கூட்டிக் குறைக்கிறது. இதுவே வால்வு.

ஒலிபெருக்கியின் கதை இதோடு சேர்ந்தே வளர்ந்தது. கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் தங்கள் 'மேக்னவாக்ஸ்' ஒலிபெருக்கியை 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். அதுவரை ஒரு பேச்சாளரின் கூட்டம் அவருடைய தொண்டையின் அளவுதான். அதன் பிறகு அந்த எல்லை உடைந்தது.

இந்தியாவில் இந்தக் கருவிக்கு முதலில் பெரிய தேவையை உண்டாக்கியது அரசியல். 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துப் பெயர் பெற்றது மோத்வானே குடும்பத்தாரின் 'சிகாகோ ரேடியோ'. காந்தி, நேரு பேசும் பழைய புகைப்படங்கள் பலவற்றில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். டெல்லியில் 1940-ல் தொடங்கப்பட்ட 'அகுஜா' நிறுவனம் பிற்பாடு மைக் செட் கடைகளின் அடையாளமாகவே ஆகிப்போனது. வால்வுகள் முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1954-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வு தயாரிப்பில் இறங்கியது. அதன்பின் உள்நாட்டு வால்வுகளும் நம் செட்டுகளில் ஏறின.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வீட்டுக்கான ஹை-ஃபை பிறந்துகொண்டிருந்தது. 1947-ல் டி.டி.என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு 15 வாட் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துச் சொந்தமாகச் செய்துகொண்டார்கள். 1953-ல் 'குவாட் 2' வந்தது. இவற்றின் குறிக்கோள் ஒன்றே: பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பது. மைக் செட்டின் குறிக்கோள் வேறு. கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும்! உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான வால்வுகள், ஒரே மாதிரியான சர்க்யூட். போய்ச் சேர்ந்த இடங்கள்தான் வெவ்வேறு.

மலையும் அடிவாரமும்

போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. மேலே ஏலமலை. ஊரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் குளிர், மூடுபனி, ஏலக்காய்த் தோட்டம். கீழே இறங்கினால் வெயில், மா, தென்னை, பருத்தி. மலையில் விளையும் ஏலக்காய்க்குச் சந்தை போடியில். 1928-ல் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அகல ரயில் பாதைக்காக 2010-ன் இறுதியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் வந்தது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலை கேரளத்துக்கும் அடிவாரம் தமிழகத்துக்கும் போயின. ஆனால் வேலை மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்குகிறார்கள். மலையிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஆட்களும் அரிசியும் ஏலக்காயும் போய் வந்த அதே வழியில் பாட்டும் போய் வந்தது.

மின்சாரம் இல்லாத இடத்தில் வால்வு செட் எப்படி வேலை செய்தது என்று கேட்கலாம். வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். கார் பேட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். இதற்கு அன்று 'வைப்ரேட்டர்' என்ற ஒரு பொருள் இருந்தது. மின்காந்தத்தால் படபடவென்று துடிக்கும் ஒரு சிறு நாக்கு. பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை அது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டிக் கொடுக்கும். அதை டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தும். கம்பிப் பாதையே வராத ஊர்களிலும் பேசவும் பாடவும் முடிந்தது இப்படித்தான்.

1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் பரவியது. கம்பம் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், லோயர் கேம்பில், பெரியாறு நீர்மின் நிலையம் 1958-ல் இயங்கத் தொடங்கியது. மின்கம்பம் வந்த ஊரில் மைக் செட்டுக்கு பேட்டரியின் சுமை போனது. திருவிழாவுக்குக் குழாய் கட்டாமல் இருப்பது குறை என்று ஆனது.

நூறு வோல்ட் கம்பி

மைக் செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்ற திருகாணிகளுக்குப் பக்கத்தில் 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இது இருக்காது. ஒரு ஊரையே கேட்க வைத்த சூட்சுமம் இந்தத் திருகாணியில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். குழாயின் யூனிட் 16 ஓம். பந்தலிலிருந்து ஊர்க் கோடி வரை மெல்லிய கம்பி இழுத்தால், போகவும் வரவும் அந்தக் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக இணைத்தால் மொத்தத் தடை 36 ஓம். ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் சக்தியில் பாதிக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகும். இப்போது ஒலியை 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பி, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொண்டால்? 20 வாட் எடுக்கும் குழாய் அந்தக் கம்பிக்கு 500 ஓம் ஆகத் தெரியும். இழப்பு நூற்றுக்கு நான்குதான். நாட்டுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் உயர் அழுத்தக் கம்பியின் அதே தத்துவம்! இந்த ஒரு வசதியால்தான் ஒரே செட்டிலிருந்து கோயில் வாசலுக்கும் கடைத்தெருவுக்கும் ஊர் எல்லைக்கும் குழாய் கட்ட முடிந்தது.

ரேடியோவோ கிராமபோனோ வாங்க வசதி இல்லாத கூலித் தொழிலாளிக்கும் அந்தக் கம்பி பாட்டைக் கொண்டுபோனது. இசைத்தட்டு விலை கொடுத்து வாங்குபவரின் சொத்து. குழாய் வழியே வந்த பாட்டு, கேட்ட எல்லோருக்கும் சொந்தம். களை எடுத்துக்கொண்டே, தண்ணீர் இறைத்துக்கொண்டே, காசு கொடுக்காமல் கேட்டார்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டு இவ்வளவு ஆழமாக மக்கள் நாவில் ஏறியதற்கு வானொலியோடும் டூரிங் டாக்கீசோடும் இந்தக் குழாய்க்கும் பெரிய பங்கு உண்டு.

பண்ணைப்புரத்துக் குரல்கள்

பாட்டுக் கேட்ட இந்த மண் பாட்டுக் கொடுத்த மண்ணும்தான். போடிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மலைத் தொகுதி அது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்ற அந்தத் தேர்தலில் பாவலரின் பாட்டும் பிரசாரத்தில் இருந்தது. பதின்வயதில் அவரோடு சேர்ந்த தம்பிதான் இளையராஜா.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. மலையடிவாரத்தில் பிறந்த இசை, இந்த முறை இசைத்தட்டாகவும் வானொலியாகவும் குழாயாகவும் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. 1978-ல் வந்த 'ப்ரியா', பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடம், வலம் என்று பிரித்துப் பதிவு செய்த இசையை அன்றைக்கு எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்பார்கள்? மைக் செட் மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து ஒரே குரலாகத்தான் குழாயில் வந்தது. மேலும் கூம்புக் குழாயில் அடிநாதம் வராது. பேஸ் கிட்டார் என்று ஒன்று அந்தப் பாட்டில் இருந்ததே பலருக்குப் பின்னாளில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பாட்டுகள் மனதில் நின்றன. ஏன்? பாட்டின் குரலும் மெட்டும் வாழும் நடு அலைவரிசையில்தான் குழாய் பலசாலி!

செட் போடுகிறவர்

மைக் செட்டைப் பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாத ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் செட் போடுகிறவர். மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவதும், கம்பி இழுப்பதும், வால்வு மாற்றுவதும், தட்டுகளைப் பெட்டியில் சுமந்து வருவதும் அவர் வேலை. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பது அவர் கையில்தான் இருந்தது. விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. பிறகு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு. சாமி ஊர்வலம் கிளம்பும்போது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. மத்தியானத்துக்குச் சினிமாப் பாட்டு. சித்திரையில் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போன்ற பெருவிழாக்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இந்த வரிசை தெரியாமல் செட் போட முடியாது.

இதை வெறும் வாடகைத் தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது. பால் கிரீன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், தமிழ்க் கிராமம் ஒன்றில் பக்திக் கேசட்டுகளை ஒலிபரப்புவதையே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாகப் பார்த்து 1999-ல் 'எத்னோமியூசிகாலஜி' இதழில் கட்டுரை எழுதினார். ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சாமி ஆடும் நேரத்தில் சரியான பாட்டைச் சரியான சத்தத்தில் போடத் தெரிந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

வால்வு பரணுக்குப் போனது

1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், சில பத்தாண்டுகளில் மைக் செட்டுக்குள்ளும் நுழைந்தது. எடை குறைவு. சூடாகக் காத்திருக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும். ஜீப்பில் மலைக்கு ஏற்ற எளிது. கண்ணாடி உடையும் பயம் இல்லை. பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் இந்தியச் சந்தையை நிறைத்தபோது இசைத்தட்டும் விடைபெற்றது. ஒரு பெட்டி நிறையத் தட்டுகளைச் சுமந்த இடத்தில் ஒரு பை கேசட்டுகள் போதும் என்றானது. பிறகு சி.டி., பிறகு பென் டிரைவ், இப்போது கைபேசி.

வால்வு செட்டுகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயின. கனமான டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்புக்காகவே பல செட்டுகள் உடைக்கப்பட்டன. ஒரு செட்டின் உயிர்நாடியே அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் என்பதால், உடைந்தவை உடைந்தவைதான்.

பழைய செட்டுக்கு உயிர் கொடுத்தல்

தப்பிப் பிழைத்த ஒரு செட் கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? முதல் விதி: ஆசையில் உடனே பிளக்கைச் செருகக்கூடாது. வருடக்கணக்கில் சும்மா இருந்த செட்டில் ஃபில்டர் கண்டன்சர்கள் வலுவிழந்திருக்கும். முழு மின்னழுத்தம் திடீரென்று பாய்ந்தால் அவை வெடிக்கலாம், பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே எரியலாம். எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் பழைய உபாயமான சீரிஸ் பல்பு இங்கே கைகொடுக்கும். செட்டுக்குப் போகும் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து எச்சரிக்கும். செட் பிழைக்கும்.

இரண்டாவது விதி உயிர் சம்பந்தப்பட்டது. வால்வு செட்டுக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியே அதை வடியவிட்டு, மீட்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

அடுத்தது நோய் கண்டறிதல். மலையும் அடிவாரமும் இங்கே மறுபடி வருகின்றன. ஏலச்செடி செழிக்க ஈரம் வேண்டும். அதே ஈரம் ஆம்ப்ளிஃபயருக்கு எமன். பறித்த ஏலக்காயை உடனே ஸ்டோரில் சூடேற்றிக் காய வைப்பது பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தானே! காய வைக்க ஆளில்லாத செட்டில் காகிதக் கண்டன்சர்கள் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளில் பச்சைக் களிம்பு ஏறும். ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சை படியும். அடிவாரத்து வெயிலில் கிடந்த செட்டின் நோய் வேறு: எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் உலர்ந்திருக்கும், ரப்பர் உறையிட்ட வயர்கள் பொடிப்பொடியாக உதிரும்.

இவற்றில் மிக ஆபத்தானது வால்வுக்கு வால்வு ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிவது. அது கசிந்தால் கடைசி வால்வின் வலைக்கு வரக்கூடாத மின்னழுத்தம் வந்துவிடும். மடைப்பலகை திறந்தபடி மாட்டிக்கொண்ட கதைதான். வால்வின் ஆனோடு செக்கச் சிவந்து பழுக்கும். நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு கண்டன்சரை மாற்றாததால் விலை உயர்ந்த வால்வும், அதைவிட அரிதான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ஆகவே காகிதக் கண்டன்சர்களையும் ஃபில்டர் கண்டன்சர்களையும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். அளவு மாறிப்போன கார்பன் ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டும். பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று பின் வயர் போடுவது கட்டாயம். வால்வு கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். 6 எல் 6, இ.எல்.34 போன்றவை ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் தயாராகின்றன.

எதை மாற்றக்கூடாது? அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை. வால்வு ஆயிரக்கணக்கான ஓம்களில் பேசுகிறது, ஸ்பீக்கர் எட்டு ஓமில் கேட்கிறது. இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் அது. அதை நன்றாகச் சுற்றத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டை ஓட்டக்கூடாது என்பது பழைய மெக்கானிக்குகளின் கண்டிப்பான விதி. சுமை இல்லாமல் சத்தம் கொடுத்தால் அதன் சுற்றுகளில் மின்னழுத்தம் எகிறி உள்ளேயே பொறி பறக்கும்.

வீட்டுக்குள் ஒரு மைக் செட்

சரிசெய்த செட்டை 8 ஓம் திருகாணியில் நல்ல ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். குழாயில் கேட்ட கரகரப்பில் பெரும்பகுதி குழாயினுடையது, செட்டினுடையது அல்ல! குரல்கள் நெருக்கமாக வருகின்றன. வால்வு தன் எல்லையைத் தொடும்போதும் அலையின் முனையைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்குகிறது. காதுக்கு அது உறுத்துவதில்லை. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் துல்லியத்தில் இதை எளிதாக முந்திவிடும். மைக் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர், ஆழ்ந்த அடிநாதத்துக்காகச் சுற்றப்பட்டதும் அல்ல.

இசைத்தட்டு போட நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய செட்டின் பிக்கப் இணைப்பு, அதிக மின்னழுத்தம் தரும் கிரிஸ்டல் அல்லது செராமிக் ஊசிக்கானது. இன்றைய மேக்னடிக் ஊசி தருவது சில மில்லி வோல்ட்தான். அதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் செய்யும் தனி ப்ரீ-ஆம்ப் வேண்டும். அடுத்து, பழைய கனமான மோனோ ஊசியை ஸ்டீரியோ தட்டில் வைக்கக்கூடாது. ஸ்டீரியோ பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டுமின்றி மேலும் கீழும் அசைய வேண்டும். அப்படி அசையத் தெரியாத ஊசி பள்ளத்தையே உழுதுவிடும்.

கேட்கும் உரிமை, கேளாதிருக்கும் உரிமை

இந்தக் கதையை ஏக்கத்தோடு மட்டும் முடித்தால் அது பாதிக் கதை. காசு இல்லாதவருக்கும் பாட்டைக் கொடுத்த அதே கம்பி, தூங்க நினைத்தவரின் தூக்கத்தையும் பறித்தது. நோயாளி, கைக்குழந்தை, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. குழாய் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, தொந்தரவும் அப்படியே.

2000-ல் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் விழாக் காலங்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு 2002-ல் வழி செய்யப்பட்டது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைதியாக வாழ்வதும் வாழ்வுரிமையின் பகுதி என்று உறுதிசெய்தது. ஒருவருக்குப் பேச உரிமை உண்டு, ஆனால் அதைக் கேட்டே தீர வேண்டும் என்று பிறரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை என்பதே அதன் சாரம். கூம்பு வடிவக் குழாய்களுக்கு அனுமதி இல்லை என்று தமிழகக் காவல்துறை திருவிழாக் காலங்களில் எச்சரிப்பதும் வழக்கமாகிவிட்டது. இது நியாயமானதே. இன்றைய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்கள் நெஞ்சையே அதிர வைப்பதைப் பார்த்தால், பிரச்சினை குழாயில் இல்லை, அளவில்தான் இருக்கிறது என்பதும் புரியும்.

அப்படியானால் ஒரு பழைய மைக் செட்டை மீட்பதில் என்ன பொருள்? ஊரை அதிர வைத்த காலத்தைத் திரும்பக் கொண்டுவருவது தேவையில்லை. ஆனால் அந்தச் செட்டைச் சுற்றி மூன்று விஷயங்கள் வாழ்ந்தன: பழுதானதைத் தூக்கி எறியாமல் சரிசெய்யும் கைத்திறன், எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்ற ஞானம், ஒரு பாட்டைப் பலர் சேர்ந்து கேட்கும் பழக்கம். இன்று ஒவ்வொருவர் காதிலும் ஒரு தனி ஹெட்போன். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பாட்டு. யாரையும் தொந்தரவு செய்யவில்லை, உண்மைதான். யாரோடும் பகிர்ந்துகொள்ளவும் இல்லை.

சரிசெய்த வால்வு செட் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகிறது. சத்தம் வாசலைத் தாண்டாத அளவில் வைத்து, வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் உட்கார்ந்து ஒரு தட்டின் ஒரு பக்கம் முடியும் வரை சேர்ந்து கேட்கலாம். ஒரு நிமிடம் காத்திருந்தால் வால்வுக்குள் இழை மெல்லச் சிவக்கும். அதன் பிறகுதான் பாட்டு வரும். கேட்பதற்கு முன் காத்திருக்கச் சொல்லும் கருவி இன்று வேறு எது இருக்கிறது?

போடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பரணில் இன்னும் சில செட்டுகள் இருக்கக்கூடும். அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். செம்புக்காக உடைக்கும் முன் ஒருமுறை அவர்களைத் தேடிப் போய்க் கேட்பது நல்லது. வால்வை இன்றும் கடையில் வாங்கிவிடலாம். அந்தக் கைகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.